உத்தியோகப் பரீட்சையின் கதை

கண்டி அரசனின் அவையிற் பதவி பெறுவதற்கு எவரும் பரீட்சை எழுதியதில்லை. அதிகாரம், திசாவை முதலிய பெரும் பதவிகள் உயர்குடிப் பிரபுக்களுக்கே உரியனவாயிருந்தன. பிறப்பு முதலாவது தகுதி. அரசனுடைய மனம் இரண்டாவது. பதவியேற்கும்போது கொண்டு செல்லும் காணிக்கை மூன்றாவது. 1815ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆம் நாள் செய்யப்பட்ட உடன்படிக்கையினாற் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. ஆயினும் இவ்வழக்கம் உடனே மாறிவிடவில்லை. அரசனுடைய இடத்தில் ஆளுநரும் இலண்டன் அமைச்சரும் வந்தனர். காணிக்கையின் இடத்திற் சிபாரிசுக் கடிதம் வந்தது.

இன்று கண்டி நகரிலிருந்து சில கல் தொலைவிலுள்ள பேராதனையிற் கணினிப் பொறியியல் கற்கும் மாணவன் ஒருவனுக்குச் சிபாரிசுக் கடிதத்தினால் அதிக பயன் இல்லை. மென்பொருள் ஆக்கும் நிறுவனமொன்றிற் சேர விரும்பினால் அவன் ஒரு பரீட்சைக்கு முகங்கொடுக்க வேண்டும். கணக்கொன்றைக் கொடுத்து, அதைத் தீர்க்கும் நிரலைத் தம் கண்முன்னே எழுதுமாறு பரீட்சகர் கேட்பார். நேரம் பெரும்பாலும் முக்கால் மணி அல்லது ஒரு மணி. இந்த ஒரு மணி நேரத்திற்காக மாணவர்கள் பல மாதங்கள் பயிற்சி செய்கிறார்கள். இந்தப் பயிற்சி புதிய காலத்தின் புதிய தொல்லை என்று பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். கணினிதான் புதிது; தொல்லை மிகப் பழையது. பரீட்சை எங்கே தோன்றியதோ அங்கே அதற்கான பயிற்சியும், அப்பயிற்சியை விற்கும் கடையும் தோன்றியிருக்கின்றன. பரீட்சை எல்லோருக்கும் பொதுவானதுதான். பயிற்சி யார் யாருக்குக் கிட்டியது என்பதே வரலாற்றிற் கேட்க வேண்டிய கேள்வி.

பயிற்சிக்கு இடமே கொடாத தெரிவு முறை ஒன்றும் தமிழர் வரலாற்றில் இருந்தது. பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், உத்திரமேரூர்ச் சபைக்கு உறுப்பினரைத் தெரிந்த குடவோலை முறையைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. நிலமும் சொந்த மனையும் கல்வியும் உரிய வயதும் உடையவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தார்கள். குடத்தின் முன்னே எந்த ஆசிரியரிடம் பயின்றும் பயனில்லை. ஆனால் குடத்தினுள்ளே ஓலை விழுவதற்கு நிலம் வேண்டியிருந்தது என்பதையும் மறந்துவிடலாகாது.

சிபாரிசுக்கு எதிரான போட்டிப் பரீட்சை ஆங்கிலேயர் ஆட்சியில் 1855ஆம் ஆண்டு இந்திய சிவில் சேவைக்கென நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய ஆண்டில் மெக்காலேயின் தலைமையிற் கூடிய குழு அதற்கான திட்டத்தை வகுத்தது. நல்ல பொதுக்கல்வி பெற்ற இளைஞன் அக்கல்வியின் பலத்தாலேயே தேறவேண்டும், பரீட்சைக்கென்று தனியாக உருப்போடுகிறவன் முந்திவிடக்கூடாது என்பது அக்குழுவின் எண்ணம். மிக உயர்ந்த எண்ணந்தான். ஆனால் சில ஆண்டுகளுக்குள்ளேயே இலண்டன் நகரில் உருப்போட வைக்கும் தனியார் பள்ளிகள் எழுந்துவிட்டன. அவற்றுள் வோல்ட்டர் ரென் என்பவர் நடத்திய பள்ளி மிகப் புகழ் பெற்றது. பல்கலைக்கழகத்தில் நன்கு கற்றவர்களும் ஈற்றில் ரென் அவர்களின் வாயிலுக்கே வந்து சேர்ந்தார்கள். கடந்த ஆண்டுகளின் வினாக்களை ஆராய்ந்து, எந்தப் பாடத்தில் எவ்வளவு படித்தால் எத்தனை புள்ளிகள் வரும் என்று கணக்கிட்டுக் கற்பித்தார்கள். பரீட்சை வைத்தவர்கள் இதைக் கண்டு கலங்கினர். 1870களின் பிற்பகுதியிற் சோல்ஸ்பரிப் பிரபு பரீட்சார்த்திகளின் உச்ச வயதை 21இலிருந்து 19ஆகக் குறைத்தார். பயிற்சிப் பள்ளிகளின் செல்வாக்கைத் தடுப்பதும் அதற்குக் கூறப்பட்ட நியாயங்களுள் ஒன்று. பள்ளிகள் மூடப்படவில்லை. கடல் கடந்து இங்கிலாந்து சென்று பரீட்சை எழுத வேண்டியிருந்த இந்திய இளைஞருக்கே அதனாற் கதவு மேலும் ஒடுங்கியது. பயிற்சியை அடக்கப் புகுந்த சட்டம் பயிற்சிக்கு வழியற்றவனையே அடக்கியது.

இலங்கையிலும் இதே கதைதான். திறந்த போட்டிப் பரீட்சையின் மூலம் இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதலாவது இலங்கையர் பொன்னம்பலம் அருணாசலம். ஆண்டு 1875. தமிழர் அனைவரும் பெருமையோடு நினைவுகூரும் நிகழ்ச்சி அது. ஆனால் அவர் கொழும்பிற் கற்று, பின்னர் கேம்பிரிட்ஜிற் கிறைஸ்ட் கல்லூரியிற் பயின்று, அதன் பின்னரே அந்தப் பரீட்சையை எழுதினார் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். அவருடைய மேதையை இது குறைக்காது. அதே மேதையுடன் பிறந்து, கப்பற் கட்டணம் இல்லாதிருந்தவர்களின் பெயர்களை எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை, அவ்வளவே.

பரீட்சைக்கும் பணிக்கும் உள்ள இடைவெளியை அறிய விரும்புவோர் கண்டிக் கச்சேரியில் ஓராண்டு இருந்த ஓர் ஆங்கிலேயரை நினைக்கலாம். பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வூல்ஃப் 1904ஆம் ஆண்டு சிவில் சேவைப் பரீட்சை எழுதினார். கேம்பிரிட்ஜிற் கிரேக்கமும் இலத்தீனும் ஆழக் கற்றவர். இங்கிலாந்திலேயே பெரும்பதவி பெறும் அளவுக்குப் புள்ளிகள் வராமையால் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய பின், 1907இல் அரசாங்க அதிபரின் அலுவலக உதவியாளராகக் கண்டிக்கு மாற்றப்பட்டார். அங்கே அவர் முன் வந்தவை கண்டியர் திருமணச் சட்டத்தின்படி மணமுறிவு கோரி நின்ற கிராமத்தவரின் வழக்குகள். கணவன் ஒன்று சொல்வான். மனைவி வேறொன்று சொல்வாள். உறவினர் மூன்றாவதொன்று சொல்வர். ஹோமரின் காவியம் அதற்கு உதவாது. உள்ளூர் மொழியைப் பணிக்கு வந்த பின்னர்தான் கற்றார்கள். அவரைத் தெரிந்தெடுத்த பரீட்சை, அவர் செய்யப்போகும் வேலையைப் பற்றி ஒரு வினாவும் கேட்கவில்லை.

அந்தக் கச்சேரியைச் சுற்றியிருந்த மலைகளில் இன்னொரு மக்கட் கூட்டம் வாழ்ந்தது. 1867ஆம் ஆண்டு கண்டிக்கு இருப்புப்பாதை வந்தது. அதே ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர், கண்டிக்குத் தெற்கேயுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். தேயிலைக்கு முன் கோப்பிக்காகவே தமிழ்நாட்டிலிருந்து வந்து காடழித்த மக்கள், தேயிலைக்கும் உழைத்தனர். அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தோட்டத்துப் பாடசாலையிற் சில வகுப்புகளே இருந்தன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அரசாங்க உத்தியோகத்துக்குக் குடியுரிமை வேண்டும். ஆகவே அவர்களுக்குப் பரீட்சை மண்டபத்தின் வாயிலே அடைபட்டது. பயிற்சியைப் பற்றிப் பேசவே இடமில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். எஞ்சியோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில் நிறைவேறியது. கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் செல்லும் மலையகத் தமிழ் இளைஞர் பலரின் பாட்டன்மார் எந்த உத்தியோகப் பரீட்சைக்கும் விண்ணப்பிக்க இயலாதவராயிருந்தனர் என்பதை இங்கே குறித்துக்கொள்வது தகும்.

பல்கலைக்கழகம் 1952ஆம் ஆண்டு பேராதனைக்குப் பெயர்ந்தபோது, கலைப் பட்டதாரிகளின் கனவு சிவில் சேவையாகவே இருந்தது. அந்தச் சேவை 1963இல் ஒழிக்கப்பட்டு நிருவாக சேவை தோன்றியது. கொழும்பில் 1950ஆம் ஆண்டு தொடங்கிய பொறியியற் பீடமும் 1960களின் நடுப்பகுதியில் மகாவலியின் கரைக்கு வந்தது. அப்பீடத்திற் கணினிக்கென ஒரு துறை 1985இல் அமைந்தது. கனவு கச்சேரியிலிருந்து கணினிக்கு மெல்ல மாறிற்று.

கணினித் தொழிலிற் பரீட்சை நுழைந்த வகையும் சுவையானதே. 1950களில் அமெரிக்காவில் நிரல் எழுதுவோர் அவசரமாகத் தேவைப்பட்டனர். ஆனால் அந்தத் தொழிலைக் கற்ற எவரும் உலகில் இல்லை. யாருக்கு இது வரும் என்று அறியும் வழியும் இல்லை. சதுரங்கம் ஆடுவோருக்கு வரலாம் என்று கருதி ஐ.பி.எம். நிறுவனம் விளம்பரம் செய்தது. சதுரங்க வீரர்கள் சிலர் உண்மையாகவே வந்து வேலையிற் சேர்ந்தனர். 1955இல் அந்நிறுவனம் நிரலாக்க உளச்சார்பைச் சோதிக்கும் எழுத்துப் பரீட்சை ஒன்றை ஆக்கியது. எண் தொடர்களை நிரப்புதல், உருவங்களை ஒப்பிடுதல், எண்கணிதக் கணக்குகள் ஆகியனவே அதன் பகுதிகள். பத்தாண்டுக்குள் அது பரவாத இடமில்லை. உடனே அதற்கும் பயிற்சிப் பள்ளிகள் தோன்றின, வினாத்தாள் கைமாறியது, ஒரே பரீட்சையைப் பலமுறை எழுதித் தேர்ந்தவர்களும் இருந்தனர். அதிற் பெற்ற புள்ளிக்கும் பணியிற் காட்டிய திறமைக்கும் உறுதியான தொடர்பு இல்லை என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கூறினர். ரென் அவர்களின் பள்ளி அத்திலாந்திக் கடலைக் கடந்துவிட்டது என்றே சொல்லலாம்.

அதன் பின் புதிர்களின் காலம் வந்தது. வீதியிலுள்ள சாக்கடை மூடி ஏன் வட்டமாக இருக்கிறது என்பது போன்ற வினாக்களை மைக்ரோசொஃப்ட் முதலிய நிறுவனங்கள் கேட்டன. வட்டமான மூடி எப்படித் திருப்பினாலும் குழியினுள் விழாது என்ற விடையை ஒருமுறை கேட்டவன் என்றும் மறவான். அதனாலேயே அவ்வினா பயனற்றதாயிற்று. கூகிள் நிறுவனத்தில் ஆட்சேர்ப்புக்குப் பொறுப்பாயிருந்த லாஸ்லோ பொக், இத்தகைய புதிர்கள் வீண் வேலை என்று 2013ஆம் ஆண்டு வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். புதிரின் இடத்தில் நிரல் எழுதும் கணக்கு நிலைபெற்றது.

அந்தக் கணக்கு எத்தகையது? நேயர்களுக்குக் கணினி தெரியாவிடினும் ஓர் உதாரணம் விளங்கும். கண்டிச் சந்தையில் ஆயிரம் விலைச்சீட்டுகள் ஒரு பெட்டியில் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 500 ரூபா வரும் இரண்டு சீட்டுகளைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு சீட்டையும் மற்ற ஒவ்வொன்றோடும் கூட்டிப் பார்ப்பது ஒரு வழி. அவ்வாறு செய்தால் 499,500 சோடிகளைப் பார்க்க நேரலாம். சீட்டுகள் பத்து மடங்கானால் வேலை ஏறத்தாழ நூறு மடங்காகும். இன்னொரு வழியும் உண்டு. ஒரு கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். கையிலுள்ள சீட்டு 180 ரூபா என்றால், 320 என்ற எண் கொப்பியில் ஏற்கெனவே பதிவாகியுள்ளதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் வேலை முடிந்தது. இல்லையேல் 180ஐப் பதிந்துவிட்டு அடுத்த சீட்டை எடுக்க வேண்டும். ஆயிரம் சீட்டுக்கு ஆயிரம் முறை பார்த்தாற் போதும். பதிவை உடனே காணக்கூடியதாகக் கொப்பி ஒழுங்காக அமைந்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. இவ்வாறு விடை சொன்னவுடன் பரீட்சகர் விடமாட்டார். கொப்பி இல்லையென்றால் என்ன செய்வாய் என்பார். சீட்டுகளை விலைப்படி அடுக்கி, ஒரு விரலைத் தொடக்கத்திலும் மற்ற விரலை முடிவிலும் வைத்து, கூட்டுத்தொகை குறைந்தால் முதல் விரலை முன்னேயும், கூடினால் இரண்டாம் விரலைப் பின்னேயும் நகர்த்தலாம் என்று பரீட்சார்த்தி சொல்ல வேண்டும்.

இதில் உண்மையான அறிவு இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஒரு வேலையை எத்தனை வழிகளிற் செய்யலாம், ஒவ்வொன்றுக்கும் செலவு என்ன என்று எண்ணிப் பார்ப்பது நல்ல மனப்பயிற்சி. கிரேக்க இலக்கணத்தை விட இது செய்யப்போகும் வேலைக்கு நெருக்கமானது. ஆயினும் கொப்பி வழியை முன்பு ஒருமுறை கண்டவன் அதை மூன்று நிமிடத்தில் எழுதிவிடுவான். காணாதவன், எவ்வளவு கூர்மையானவனாயினும், வியர்வை சிந்தி அரைமணி நேரத்திற்குப் பின்பே அங்கு வந்து சேர்வான். இருவரையும் ஒரே கடிகாரம் அளக்கிறது. அது மதிநுட்பத்தை அளக்கிறதா, முன்பழக்கத்தை அளக்கிறதா என்பதைக் கடிகாரம் சொல்லாது.

ஆகவே பயிற்சி தவிர்க்க முடியாததாயிற்று. கேல் லாக்மன் மெக்டொவெல் என்ற அமெரிக்கப் பெண்மணி 2008இல் இத்தகைய கணக்குகளைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். பின்வந்த பதிப்பில் 189 வினாக்கள் விடையுடன் இருந்தன. அந்நூல் உலகெங்கும் கணினி மாணவரின் மேசைகளில் ஏறியது. அடுத்த ஆண்டில் இந்தக் கதையிலே தமிழர் இருவர் வருகின்றனர். திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்ற விவேக் ரவிசங்கரும் ஹரி கருணாநிதியும் மாணவருக்கு மாதிரி நேர்முகப் பரீட்சை நடத்தும் முயற்சியொன்றைத் தொடங்கினர். அது எதிர்பார்த்தபடி வளரவில்லை. பரீட்சை எழுதுவோருக்குப் பதிலாகப் பரீட்சை வைப்போருக்கு உதவும் கருவியை ஆக்கினார்கள். அதுவே ஹக்கர்ராங்க் என்ற பெயரிற் பெருநிறுவனமாயிற்று. நிறுவனங்கள் அதில் வேலைநாடுவோரைச் சோதிக்கின்றன. மாணவர்கள் அதே இடத்திற் கட்டணமின்றிப் பயிற்சியும் பெறுகின்றனர். இலண்டனில் பரீட்சை வைத்தவரும் பயிற்சி விற்றவரும் எதிரெதிரே நின்றார்கள். இங்கே இருவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்துவிட்டார்கள்.

கட்டணமின்றி என்ற சொல் முக்கியமானது. ரென் அவர்களின் பள்ளிக்குப் பணம் வேண்டியிருந்தது. அருணாசலத்துக்குக் கப்பல் வேண்டியிருந்தது. பேராதனை விடுதியிலிருக்கும் மாணவனுக்கு அதே கணக்குகள், கலிபோர்னியாவிலுள்ள மாணவனுக்குக் கிடைக்கும் அதே நாளிற் கிடைக்கின்றன. பல்கலைக்கழகத்தின் கணினிப் பொறியியல் மாணவர் சங்கம் ஏசஸ் கோடர்ஸ் என்ற நிரலாக்கப் போட்டியை நடத்தி வந்திருக்கிறது. இருபத்துநான்கு மணி நேரம் ஓயாது நடக்கும் ஐ.ஈ.ஈ.ஈ. எக்ஸ்ட்ரீம் என்ற உலகப் போட்டியிலும் இலங்கை மாணவர் ஆர்வத்தோடு பங்குபற்றுகின்றனர். கைத்தொழிற் பயிற்சிக்காக நிறுவனங்களுக்குச் செல்லும் பருவத்தில் அவர்கள் முதன்முறையாக நேர்முகப் பரீட்சகரைச் சந்திக்கின்றனர். நண்பர் இருவர் எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் பரீட்சகராகவும் மற்றவர் பரீட்சார்த்தியாகவும் மாறி மாறிப் பழகுவதே இப்பயிற்சியின் மிகச் சிறந்த வடிவம். அதற்குப் பணம் வேண்டியதில்லை. நல்ல நண்பன் வேண்டும்.

அப்படியானால் கதவு முழுதாகத் திறந்துவிட்டதா? இல்லை. நிரல் எழுதும் நேர்முகப் பரீட்சையிற் சரியான விடையை எழுதினால் மட்டும் போதாது. எழுதும்போதே சிந்தனையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஏன் இந்த வழி, ஏன் அந்த வழி இல்லை, எங்கே தவறலாம் என்று ஓயாது பேச வேண்டும். பேச்சு ஆங்கிலத்திலே நடைபெறும். நாவலப்பிட்டிக்கு அருகிலோ புசல்லாவைக்கு அருகிலோ தமிழ் மொழியிற் பதின்மூன்று ஆண்டுகள் கற்று, கணிதத்தைத் தமிழிலே சிந்தித்து, உயர்தரப் பரீட்சையைத் தமிழிலே எழுதித் தேறிய மாணவி ஒருத்தி பல்கலைக்கழக விரிவுரைகளை ஆங்கிலத்தில் விளங்கிக்கொள்ள ஓரிரு ஆண்டுகளிற் பழகிவிடுகிறாள். விளங்கிக்கொள்வது வேறு, கடிகாரம் ஓடும்போது அந்நியர் ஒருவர் முன் அந்நிய மொழியில் உரக்கச் சிந்திப்பது வேறு. அவள் தமிழிற் சிந்தித்து ஆங்கிலத்தில் மாற்றும் சில விநாடிகளைப் பரீட்சகர் தயக்கம் என்று குறித்துக்கொள்ளக்கூடும். கொழும்பிலோ கண்டி நகரின் பெரிய கல்லூரிகளிலோ ஆங்கிலம் பேசி வளர்ந்தவனுக்கு அந்தச் சில விநாடிகள் மிச்சம். 189 வினாக்களை இருவரும் படித்திருக்கலாம். இந்தப் பயிற்சி மட்டும் எந்த நூலிலும் இலவசமாகக் கிடைப்பதில்லை.

பாடசாலைகள் செய்யக்கூடியது இங்கேதான் இருக்கிறது. கணக்கைச் செய்து முடித்த பிள்ளையைக் கரும்பலகைக்கு அழைத்து, நீ எப்படிச் செய்தாய் என்று எல்லோருக்கும் சொல் என்று கேட்கும் வழக்கம் நமது வகுப்பறைகளிற் குறைவு. விடை சரியானாற் சரி என்று குறியிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம். முதலிலே தமிழில், பிறகு கொஞ்சங் கொஞ்சமாக ஆங்கிலத்தில், வழியைச் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு நேர்முகப் பரீட்சை அவ்வளவு அந்நியமாயிராது. இதற்குக் கணினிகூட வேண்டியதில்லை. வெண்கட்டி இருந்தாற் போதும்.

தூரம் என்னும் பழைய தடையின் கதையும் இடையில் ஒரு வளைவு வளைந்தது. கண்டியிலிருந்து கொழும்புக்கு வீதி வழியாக ஏறத்தாழ 115 கிலோமீற்றர். மென்பொருள் நிறுவனங்களுட் பெரும்பாலானவை அங்கேயே உள்ளன. நேர்முகப் பரீட்சைக்கு விடியற்காலைப் புகையிரதத்தில் ஏறி, தூக்கமில்லாத கண்ணோடு கணக்கை எதிர்கொண்ட இளைஞர் பலர். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று அதை மாற்றியது. நேர்முகப் பரீட்சை திரைக்கு வந்தது. தொடர்பு சீராக இருந்தாற் கொழும்பு நிறுவனத்துக்கு மட்டுமன்றி, சிங்கப்பூர் நிறுவனத்துக்கும் இலண்டன் நிறுவனத்துக்கும் மலைநாட்டு வீட்டிலிருந்தே முகங்கொடுக்கலாம் என்றாயிற்று.

அந்த வசதி இப்போது அசைகிறது. 2022ஆம் ஆண்டின் இறுதியிற் சட்ஜிபிடி வெளிவந்தபின், சீட்டுக் கணக்குப் போன்ற வினாக்களுக்குச் செயற்கை நுண்ணறிவே சில விநாடிகளில் விடை எழுதிவிடுகிறது. திரைக்குப் பின்னால் அதன் உதவியைப் பெறுவோர் பெருகியதாற் பரீட்சகர்கள் கண்ணெதிரே ஆளைக் காண விரும்புகின்றனர். மதுரையிற் பிறந்து கூகிள் நிறுவனத்தின் தலைமைக்கு உயர்ந்த சுந்தர் பிச்சை, நேர்முகப் பரீட்சையில் ஒரு சுற்றாவது நேரில் நடைபெறச் செய்வதாக 2025ஆம் ஆண்டு தெரிவித்தார். அவருடைய நோக்கத்திற் குற்றம் காண்பதற்கில்லை. ஏமாற்றுவோரிடமிருந்து நேர்மையானவரைக் காப்பதும் பரீட்சகரின் கடமையே. ஆனால் சோல்ஸ்பரிப் பிரபுவின் நோக்கத்திலும் ஒரு நியாயம் சொல்லப்பட்டது. அந்தச் சுற்று நடைபெறும் அறை பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ அமைந்தால், புசல்லாவையிலிருந்து புறப்படும் மாணவி கடவுச்சீட்டுக்கும் விமானச் சீட்டுக்கும் முதலில் வழி தேட வேண்டும். கணக்கு அதன் பிறகுதான்.